கடைக் கதவில் அப்பாவின் முகம்

லோம்,
அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை

பிளாமெனுக்கு,

நெவேனா எழுதுகிறேன். பிள்ளைகள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். உன் உடம்புக்கும் ஒன்றும் வந்துவிடக் கூடாது. இதற்கு மேல் நல்ல வார்த்தை எழுத இப்போது எனக்குக் கை வரவில்லை.

இந்தக் கடிதத்தைப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புகிறேன். வேலன்சியா போகும் பேருந்து செவ்வாய் காலை இங்கிருந்து கிளம்புகிறது. கூடவே ஒரு பார்சல் வரும். அதில் ரலிட்சாவின் கம்பளிச் சட்டையும், போயானுக்கு இரண்டு ஜோடி காலுறையும், வான்யா அண்ணி கொடுத்த பிளம் ஜாமும் இருக்கின்றன. அங்கே நம் ஊர்க்காரி ஸ்டெஃப்காவின் கடையில்தான் இறக்குவார்கள். நீயே போய் வாங்கிக்கொள், குழந்தையை அனுப்பாதே. போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், நீ சமாதானம் சொல்வாய், கேட்க வந்ததைக் கேட்காமலே நான் போனை வைத்துவிடுவேன். பதின்மூன்று வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. காகிதத்தில் எழுதினால் முடிக்கும்வரை யாரும் என்னை நிறுத்த முடியாது.

நான் செவ்வாய்க்கிழமை மாலை ஊர் வந்து சேர்ந்தேன். சோஃபியாவிலிருந்து வரும் பேருந்தில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை, அதுவும் நல்லதுக்குத்தான். வாசல் கதவில் கறுப்புத் துணி கட்டியிருந்தது. அதன் கீழே, கடைக் கதவில் நான் பார்த்த அதே மரண அறிவிப்பு, அப்பாவின் அதே புகைப்படம். கலின் அண்ணன் கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். ஓடி வந்து கட்டிக்கொள்வார் என்று பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அவர் அசையவில்லை.

"வந்துட்டியா? ஏன், கடல்ல தண்ணி வத்திப் போச்சா?" என்றார்.

துக்கத்தில் பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வான்யா அண்ணி சூப் ஊற்றி வைத்தாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போனபோது எதிர்வீட்டு பெனா அக்கா வேலி ஓரமாக வந்து நின்றாள். அம்மா படுக்கையில் கிடந்த நாலு வருஷமும் எனக்குக் கைகொடுத்தவள் அவள்தான்.

"நாங்கதான் இருக்கோமேடி, நீ எதுக்கு அவசரப்பட்டு ஓடி வந்தே? அப்பாவைக் குழியில இறக்க ஆளுக்கா பஞ்சம்? நல்லாக் கறுத்திருக்கே. வெயில் நல்ல வெயில்போல" என்றாள்.

என் தோல் கறுத்திருந்ததைப் பார்த்து நானே கூசிப்போனேன், பிளாமென். அன்றைக்குத் தலையில் கட்டின கறுப்புத் துணியோடு நீளக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டவள், இன்னும் கழற்றவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் நேராகக் கேட்டேன். எனக்குத் தெரியாத ஒரு விஷயத்துக்கு ஏன் எல்லோரும் என்னைத் தண்டிக்கிறீர்கள் என்றேன். அவர் கோடாலியைக் கட்டையில் போட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"தெரியாதா? ஒன்பதாம் தேதி அப்பா அடுப்படியில விழுந்த அன்னிக்கே மாப்பிள்ளைக்குப் போன் பண்ணேன். நெவேனாவுக்குச் சொல்லிட்டேன், அவ இடிஞ்சு போய் உக்காந்திருக்கா, பேசற நிலைமையில இல்லைன்னாரு. செத்த அன்னிக்கும் பண்ணேன். அவ வரலைன்னுட்டா, அம்மா அடக்கத்தையே அவளால இன்னும் மறக்க முடியல, வற்புறுத்தாதீங்கன்னாரு. வற்புறுத்தறதா! பெத்த அப்பனைப் புதைக்க வர்றதுக்கு வெத்தலை பாக்கு வச்சா அழைப்பாங்க? நான் போனை வச்சிட்டேன். இனிமே எனக்குத் தங்கச்சி இல்லைன்னு வான்யாகிட்ட சொன்னேன்."

நான் விறகுக்கட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா செத்ததை என்னிடமிருந்து மறைத்தாய் என்பது வேலன்சியாவிலேயே தெரிந்துவிட்டது. அதை வழியெல்லாம் மென்று விழுங்கிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் நான் வர மறுத்ததாகச் சொன்னாயே, அதை எப்படிச் சொன்னாய்? அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் எப்படிப் படுத்தாய்? இந்த ஊரில் அப்பாவின் மகள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. நாலு வருஷம் அம்மாவைத் துடைத்துக் குளிப்பாட்டி நான் சம்பாதித்த பெயர் அது. அதை ஒரே போன் பேச்சில் அழித்துவிட்டாய்.

வேலன்சியாவின் அந்தக் கடை வாசலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை போயான் பனிட்ஸா வேண்டும் என்று காலையிலிருந்து அடம் பிடித்தான். நம் ஊர் வெள்ளைப் பாலாடைக்கட்டி இல்லாமல் பனிட்ஸா எப்படிச் செய்வது? நம் ஊர்க்காரர்களின் கடை ஒன்று ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று நம் வேனை நிறுத்தியிருந்த முகாமில் ஒருத்தி சொல்லியிருந்தாள். நீ முந்தின நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மூடிட்டாங்க, ஆறு மாசமா திறக்கறதில்லையாம்" என்றாய். வாய் கூசாமல் சொன்னாய். எதற்கும் பார்ப்போமே என்று நான் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். கடை திறந்திருந்தது. கதவில் நாலைந்து மரண அறிவிப்புகள் ஒட்டியிருந்தன. நம் ஜனங்கள் எந்த தேசத்துக்குப் போனாலும் இதை மட்டும் விடமாட்டார்கள் என்று நினைத்தபடியே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்றாவது காகிதத்தில் அப்பா இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் அடையாள அட்டைக்கு எடுத்த படம். அதன் கீழே, ஆழ்ந்த துயரத்துடன், மகன் கலின், மகள் நெவேனா, மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று அச்சடித்திருந்தது.

இருபது நாளாக நான் ஆழ்ந்த துயரத்தில் இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

கடைக்காரி ஸ்டெஃப்கா வெளியே வந்து என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். அந்தக் காகிதம் லோமிலிருக்கும் அவள் சித்தி மகள் அனுப்பியதாம். "நேத்து ஒருத்தர் வந்து இந்தக் கதவு முன்னாடி அரை மணி நேரம் நின்னாருங்க. உள்ளே வரவே இல்லை. காகிதத்து மேலே கை வச்சாரு, அப்புறம் எடுத்துட்டாரு" என்றாள். அது நீதான். கிழிக்கப் போயிருக்கிறாய். ஆனால் செத்தவர் காகிதத்தை யாரும் கையால் எடுப்பதில்லை. மழையும் வெயிலும்தான் எடுக்க வேண்டும். அந்தப் பயம் மட்டும் உனக்கு இருந்திருக்கிறது. மாமனாரின் காகிதத்தைத் தொடப் பயந்தவன், மாமனாரின் மகளை ஐந்து வாரம் ஏமாற்றப் பயப்படவில்லை.

அன்றைக்கு நான் திரும்பி வந்ததும் நம் வேன் பக்கத்தில் நின்று நீ சொன்னது எல்லாம் நினைவிருக்கிறது. "நீ சிரிச்சு எத்தனை வருஷமாச்சு தெரியுமா, நெவேனா? சிராகூசாவுல தண்ணிக்குள்ள நின்னு நீ சத்தமாச் சிரிச்சே. அந்த மாலையிலதான் போன் வந்துச்சு. என்னால முடியல." அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். அம்மா போனதற்கு அப்புறம் நான் இருந்த இருப்பைப் பார்த்துத்தான் நீ வேலையை விட்டாய், வேனை வாங்கினாய், ஒரு வருஷம் எங்கேயாவது போவோம் என்றாய். தெசலோனிகியில் நான் மறுபடி பசித்துச் சாப்பிட்டேன். கோர்ஃபு கடற்கரையில் பகலில் தூங்கினேன். மத்தேராவில் அந்தக் கல் வீடுகளுக்கு நடுவே பிள்ளைகளோடு கண்ணாமூச்சி ஆடினேன். இதெல்லாம் நீ கொடுத்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அப்பா பதினைந்து நாள் உயிரோடு கிடந்தார், பிளாமென். சிசிலியிலிருந்து தினமும் விமானம் இருக்கிறது. நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் கையை உதறியிருப்பார், அது வேறு விஷயம்.

என் தப்பையும் எழுதிவிடுகிறேன். குடும்பத்துக்கு ஒரே போன் என்று விதி போட்டவள் நான்தான். நாலு வருஷம் ஆஸ்பத்திரி போனுக்கு எழுந்து எழுந்து ஓடினவளுக்கு மணிச்சத்தமே வேண்டாம் என்றிருந்தது. உன் கையில் கொடுத்து, வழி பார்க்க மட்டும் வைத்துக்கொள் என்றேன். ஞாயிறு ஐந்து மணிக்கு அப்பா கூப்பிடும்போது மட்டும் எனக்குக் கொடு என்றேன். தெருவில் பள்ளம் தோண்டி அப்பா வீட்டுப் போன் கம்பி அறுந்துபோச்சு என்று நீ சொன்னபோது நம்பினேன். அண்ணன் போனிலிருந்து அப்பா கூப்பிட்டார், அப்போது நான் துணி துவைக்கப் போயிருந்தேன் என்றாய், அதையும் நம்பினேன். தோண்டிக் கேட்கவில்லை. சந்தோஷமாக இருந்தேன், அதனால் கேட்கவில்லை. இதற்காக நான் என்னை மன்னிக்கப் போவதில்லை, உன் கணக்கில் அதைச் சேர்க்கவும் மாட்டேன்.

இப்போது ராத்திரி பகல் எந்நேரமும் தேதிகளைத்தான் பொருத்திப் பார்க்கிறேன். எந்த ஊர் எந்த நாள் என்று ரலிட்சா நோட்டில் எழுதி வந்தது மனப்பாடமாகிவிட்டது. இருபத்து நாலாம் தேதி நாம் தாரகோனாவில் இருந்தோம். சதுக்கத்தில் மனிதர்மேல் மனிதராக ஏறிக் கோபுரம் கட்டினார்களே, உச்சியில் ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாளே, அப்போது நீ கூட்டத்தைவிட்டு விலகிப் போய்ப் போன் பேசினாய். திரும்பி வந்து போயானைத் தோளில் தூக்கிக்கொண்டாய். அந்த நேரத்தில் இங்கே வான்யா அண்ணி அப்பாவின் கண்ணை மூடியிருக்கிறாள். மறுநாள் அடக்கம். அதே மறுநாள் நீ போயானுக்கு மிதக்கச் சொல்லிக்கொடுத்தாய், நான் கரையில் உட்கார்ந்து முலாம்பழம் நறுக்கினேன். எத்தனை துண்டு என்றுகூட நினைவிருக்கிறது. அவ்வளவு நல்ல நாளாக இருந்தது அது.

அதற்கு மறுநாள், வியாழக்கிழமை, நீ செய்ததைப் பற்றித்தான் எழுத வந்தேன். இதுவரை எழுதியதெல்லாம் அதைத் தள்ளிப்போடத்தான்.

அப்பா என்னிடம் எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும். நாம் கிளம்பின அன்றைக்கு வாசலுக்குக்கூட வரவில்லை. "வீடு வாசல் இருக்கறவங்க வண்டியில குடியிருப்பாங்களா? நாடோடிங்க" என்று உள்ளேயிருந்து சொன்னதோடு சரி. நாற்பத்தொரு வருஷத்தில் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அம்மாவுக்கு நான் செய்ததற்குக்கூட இல்லை. இதைச் சொல்லி உன் மடியில் படுத்து எத்தனை தடவை அழுதிருக்கிறேன். வேறு யாருக்கும் தெரியாது. உனக்கு மட்டும்தான் தெரியும்.

வியாழக்கிழமை நான் குளித்துவிட்டு வந்தேன். நீ வேன் படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாய். "உங்கப்பா கூப்பிட்டாரு" என்றாய். "என்ன சொன்னாருன்னு தெரியுமா? பொண்ணு தைரியசாலிடா, அவங்கம்மாவை அவ பாத்துக்கிட்ட மாதிரி யாரும் பாத்திருக்க மாட்டாங்க, எனக்குப் பெருமையா இருக்குன்னாரு."

அப்பா செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மண்ணுக்குள் வைத்து ஒரு நாள் ஆகியிருந்தது.

அன்றைக்கு நான் ஆடின ஆட்டம் கொஞ்சமில்லை. தலையைத் துவட்டாமல் கடற்கரை முழுக்க நடந்தேன். திரும்பத் திரும்ப உன்னைச் சொல்லச் சொன்னேன். நீயும் சொன்னாய், ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாய். சாப்பிடும்போது பிள்ளைகளிடம், தாத்தா என்ன சொன்னார் தெரியுமா என்று நானே சொன்னேன். ரலிட்சா எழுந்து போய் வேனுக்குப் பின்னால் வாந்தி எடுத்தாள். இறால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அவளுக்குக் கறுப்புத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவளுக்குத் தெரியும். பள்ளிப் பாடம் எழுதப் போனை எடுத்தவள், மாமா அனுப்பின செய்தியைப் பார்த்துவிட்டாள். நீ அவளை வெளியே கூட்டிக்கொண்டு போய், "அம்மாகிட்ட சொன்னா அம்மா பழையபடி ஆயிடுவா, உனக்கு அது வேணுமா?" என்று கேட்டிருக்கிறாய். விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு அவளே சொன்னாள். பதினொரு வயதுப் பெண்ணிடம், அவள் அம்மா சிரிப்பதும் சிரிக்காததும் அவள் வாயில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாய். அவள் எவ்வளவு நன்றாகப் பொய் சொன்னாள் என்று நினைத்துப் பார். எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை. அதை உன்னிடம்தானே கற்றுக்கொண்டாள்.

செத்தவர் வாயில் வார்த்தையை வைத்தாய், அதுவும் நான் வாழ்நாள் முழுக்க எதற்காக ஏங்கினேனோ அதே வார்த்தையை. வேறு எந்தப் பொய்யையும் எனக்குச் செரித்துக்கொள்ளத் தெரியும். என் ரகசியத்தை எடுத்து எனக்கே பரிசாகத் தைத்துக் கொடுத்தாயே, இதைத்தான் எப்படிப் பொறுப்பது என்று தெரியவில்லை. வேறு யாராலும் இதைச் செய்திருக்க முடியாது. வேறு யாருக்கும் எங்கே வலிக்கும் என்று தெரியாது.

நேற்று அண்ணனும் நானும் சமாதானமானோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நம்ப அவருக்கு மூன்று நாள் பிடித்தது. கடைசியில் அப்பா என்ன பேசினார், என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். "நிஜத்தைச் சொல்லவா, இல்லே ஆறுதலாச் சொல்லவா?" என்றார். நிஜத்தைச் சொல்லுங்கள் என்றேன். "நாக்கு குழறிப் போச்சு. கிணத்து மோட்டாரை அணைச்சாச்சான்னு கேட்டாரு. தினமும் அதையேதான் கேட்டாரு. உன்னைப் பத்தி எதுவும் சொல்லல. என்னைப் பத்தியும் சொல்லல" என்றார். நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். சொல்லவில்லை என்பதற்காக இல்லை, அண்ணன் என்னிடம் இட்டுக்கட்டவில்லை என்பதற்காக அழுதேன்.

நாற்பதாம் நாள் நவம்பர் இரண்டு, சனிக்கிழமை. அன்றைக்கே ஊரில் எல்லோருக்கும் இறந்தவர்களுக்குப் படைக்கும் நாள், அதனால் கல்லறையில் கூட்டமாக இருக்கும். கோதுமை வேகவைத்துச் சர்க்கரை போட்டு நான்தான் செய்யப்போகிறேன். போயானின் பிறந்தநாள் ஐந்தாம் தேதி. காதிஸில் பெரிய கடலைக் காட்டுவதாக அவனுக்குச் சொல்லியிருக்கிறாய், அவனும் விரலில் நாள் எண்ணிக்கொண்டிருப்பான். எனக்கு அந்தக் கடல் வேண்டாம். நான் அங்கே வரமாட்டேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாற்பதாம் நாளுக்கு முன்னால் இங்கே வா. போயானிடம் நான் கூப்பிட்டேன் என்று சொல், பழியை என்மேல் போடு, பரவாயில்லை.

வந்ததும் முதலில் அண்ணனிடம் போ. நான் வர மறுக்கவில்லை என்று உன் வாயால் சொல். பெனா அக்காவிடமும் சொல். அவள் காதில் விழுந்தால் ஊருக்கே விழுந்த மாதிரி. ரலிட்சாவை உட்கார வைத்து, அம்மாவிடம் உன்னைப் பொய் சொல்ல வைத்தது என் தப்பு என்று நீயே சொல்ல வேண்டும். அதற்கப்புறம் நாம் இருவரும் என்ன ஆவோம் என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் நானும் உன்னைப் போல ஆகிவிடுவேன்.

இன்று மதியம் ரலிட்சா போன் செய்தாள். "அம்மா, அப்பா காலையிலேருந்து அழறாரும்மா, ஒண்ணுமே சாப்பிடல" என்றாள். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "நிஜமாவா, இல்லே அப்பா சொல்லச் சொன்னாரா?" என்று கேட்டேன். என் மகளிடம் இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்லை. அவள், "எனக்குத் தெரியலம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். தன் கண்ணால் பார்த்ததைக்கூட அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, பிளாமென். அவளுக்கும் எனக்கும் நடுவே இதைக் கொண்டுவந்து போட்டிருக்கிறாய்.

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதே. செர்பியா எல்லையில் வரிசை நீளமாம், தண்ணீர் நிறைய வைத்துக்கொள். மலைப்பாதை வருவதற்கு முன்னாலேயே போயானுக்கு வாந்தி மாத்திரை கொடு. மூன்று பேரும் நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று தினமும் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். உனக்கும் சேர்த்துத்தான். கடவுள் உங்களுக்கு வழித்துணையாக இருக்கட்டும்.

அப்பா சொன்னதாக இன்னும் ஏதாவது மிச்சம் வைத்திருந்தால், அதை வழியிலேயே விட்டுவிட்டு வா. அவர் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல்தான் போனார். இப்போதைக்கு எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அதையும் என்னிடமிருந்து எடுத்துவிடாதே.

நெவேனா